ஏறத் தெரிந்தவர்

ஜனவரி 12

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அத்தை எழுதுகிறேன். இங்கே நான் சௌக்கியம். முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முனகுகிறது. நீங்களும் வாலுவும் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். (அவளை வாலு என்று கூப்பிட்டால் உங்களுக்குப் பிடிக்காது என்று தெரியும். பெற்றவள் வைத்தது, பொறுத்துக்கொள்ளுங்கள்.)

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் நீங்கள் "சரிங்க அத்தை, சரிங்க அத்தை" என்று சொல்லிவிட்டு அவளிடம் கொடுத்துவிடுகிறீர்கள். கல்யாணமாகி இரண்டு வருஷமாக உங்கள் வாயிலிருந்து நான் கேட்டது அது ஒன்றுதான். எழுத உட்கார்ந்தால் மனுஷன் இன்னும் கொஞ்சமாவது சொல்லியாக வேண்டும்.

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். நான் அவசர சிகிச்சை வார்டில் ஹெட் நர்ஸ். உயரத்திலிருந்து விழுந்தவர்களை எந்தக் கோலத்தில் தூக்கி வருவார்கள் என்று எனக்குத் தெரியும். மாப்பிள்ளைக்கு மரம் ஏறிக் கிளை வெட்டுகிற வேலை என்று அவள் வந்து சொன்ன அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அப்போது நான் மறுப்பு சொல்லாததற்குக் காரணம், சொன்னால் அவள் கல்யாணத்தை இன்னும் சீக்கிரம் வைத்துக்கொள்வாள் என்பதுதான்.

என் கேள்வி ஒன்றே ஒன்று. மரத்து உச்சியில் உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால், உங்களைக் கீழே கொண்டுவருவது யார்?

வாலு உங்கள் கம்பெனி ஆபீஸ் வேலையை ஒழுங்காகப் பார்க்கிறாளா? வாடிக்கையாளர் போன் செய்தால் எரிந்து விழாமல் பேசச் சொல்லுங்கள்.

பதிலுக்குக் காத்திருக்கும்
அத்தை


பிப்ரவரி 3

மதிப்புக்குரிய அத்தைக்கு,

வணக்கம். நாங்கள் இருவரும் நலம். உங்கள் முழங்காலைப் பற்றி அவளிடம் சொன்னேன். "நோயாளிக்கெல்லாம் புத்தி சொல்றவங்க, தான் மட்டும் டாக்டர்கிட்ட போகமாட்டாங்க" என்றாள். அப்படியே எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன்.

போனில் எனக்குப் பேச வராது அத்தை. உங்கள் குரலைக் கேட்டாலே ஊசிக்குக் கை நீட்டியதுபோல் ஆகிவிடுகிறது. எழுதுவது சுலபமாக இருக்கிறது.

எங்கள் வேலை மேலே ஏறுவதில் தொடங்குவதில்லை. காலையில் கயிறு முழுவதையும் விரல்களுக்கு நடுவே ஓடவிட்டுப் பார்ப்போம். எங்காவது ஓர் இழை பிசிறினாலும் அந்தக் கயிறு அன்றைக்கு மேலே போகாது. பிறகு மரத்தைச் சுற்றி வருவோம். அடியில் காளான் முளைத்திருக்கிறதா, மண் வெடித்திருக்கிறதா, பக்கத்தில் மின்கம்பி போகிறதா என்று பார்ப்போம். தண்டை மரச் சுத்தியால் தட்டுவோம். நல்ல மரம் கெட்டியாகப் பதில் சொல்லும், உள்ளே உளுத்த பொக்கை மரம் பானை மாதிரி பேசும். பொக்கை என்றால் நான் ஏறமாட்டேன், கிரேன் கொண்டு வரச் சொல்வோம். ரம்ப மெஷினை இயக்கும்போது என் உடம்பு இரண்டு இடத்தில் கட்டப்பட்டிருக்கும். ஒரு கயிறு அறுந்தாலும் இன்னொன்று பிடிக்கும். ஒரு கையால் மெஷினைப் பிடித்து வெட்டுவது எங்கள் குழுவில் கிடையாது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். கீழே எப்போதும் ஏறத் தெரிந்தவர் ஒருவர் இருப்பார். இடுப்பு பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, தனிக் கயிறு தயாராக வைத்துக்கொண்டு நிற்பார். அவர் வராத நாளில் நான் மரம் ஏறுவதில்லை.

இது உங்கள் மனதுக்குக் கொஞ்சம் நிம்மதி தரும் என்று நினைக்கிறேன்.

அன்புடன்
உங்கள் மருமகன்


பிப்ரவரி 21

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. நலம், நலம் அறிய ஆவல். டாக்டரிடம் போகச் சொன்ன மகளிடம், நான் இருபத்தைந்து டாக்டர்களோடு வேலை செய்கிறேன், ஒருவரும் என் முழங்காலைக் கேட்கவில்லை என்று சொல்லுங்கள்.

நீங்கள் எழுதியதை வார்டில் டீ குடிக்கும்போது மற்ற நர்ஸ்களுக்குப் படித்துக் காட்டினேன். போன வாரம்தான் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். வீட்டு மரத்தைத் தானே வெட்டுகிறேன் என்று ஏணி வைத்து ஏறி, தான் உட்கார்ந்திருந்த கிளையையே அறுத்திருக்கிறார். பிழைத்துக்கொண்டார், ஆனால் மனைவி அவரோடு பேசுவதில்லை. உங்கள் கடிதத்தைக் கேட்டுவிட்டு ஒரு நர்ஸ், "இவ்வளவு பார்த்துப் பார்த்து செய்றவரா உங்க மருமகன்" என்றாள். கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

உங்களுக்கு உதவுகிற மாதிரி எங்களிடமும் ஒரு பழக்கம் உண்டு. டாக்டர் மருந்தின் அளவைச் சொன்னால் நர்ஸ் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். "சரி" என்று சொன்னால் ஒப்புக்கொள்ளமாட்டோம். "சரி" என்பது காது கேட்காதவன்கூடச் சொல்கிற வார்த்தை. நீங்களும் செய்து பாருங்கள். இன்னொன்று: பெல்ட்டில் மயங்கித் தொங்குகிறவரை அப்படியே விட்டால் காலில் ரத்தம் தேங்கும், அதுவே ஆளைக் கொன்றுவிடும். சீக்கிரம் இறக்கிப் படுக்க வைக்க வேண்டும். உங்கள் ஏறத் தெரிந்தவருக்கு இது தெரியுமா? யார் அவர்? லாரியில் உட்கார்ந்திருப்பாரே, அந்தத் தாடிக்காரரா?

வாலு போன மாதம் வந்தபோது கையைப் பிடித்தேன். உள்ளங்கை உப்புத்தாள் மாதிரி இருந்தது. கேட்டால் பாத்திரம் தேய்க்கிறேன் என்கிறாள். இரண்டு பேர் இருக்கிற வீட்டில் அவ்வளவு பாத்திரமா? நீங்களும் கொஞ்சம் தேயுங்கள்.

ஆசிகளுடன்
அத்தை


மார்ச் 30

மதிப்புக்குரிய அத்தைக்கு,

வணக்கம். இருவரும் சுகம். பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். வேலை அதிகம். பாத்திரங்களை இனி நானே தேய்க்கிறேன்.

திருப்பிச் சொல்கிற பழக்கத்தை அன்றைக்கே ஆரம்பித்துவிட்டோம். மேலேயிருந்து நான் "கிளை வருது" என்றால், கீழே இருப்பவர் "கிளை வருது, தள்ளிட்டோம்" என்கிறார். அந்தச் சத்தம் வராமல் நான் வெட்டுவதில்லை. தெருவில் போகிறவர்கள் ஏதோ நாடகம் ஒத்திகை என்று நின்று பார்க்கிறார்கள்.

உங்களுக்குப் பிடிக்கும் என்று ஒன்று சொல்கிறேன். கிளையைத் தண்டோடு ஒட்ட வழித்து வெட்டக் கூடாது. அடியில் கழுத்துப்பட்டி மாதிரி ஒரு சதை மேடு இருக்கும், அதை விட்டுவிட்டு வெட்ட வேண்டும். மரத்துக்கு நம்மைப் போல் புண் ஆறாது அத்தை. கெட்ட இடத்தைச் சுற்றிச் சுவர் கட்டிக்கொண்டு மேலே மூடிக்கொள்ளும், அவ்வளவுதான். அந்த மேட்டை வழித்துவிட்டால் அதற்கு மூடத் தெரியாது. மூன்று வருஷத்துக்கு முன் நான் வெட்டிய ஒரு மரத்தைப் போய்ப் பார்த்தேன். உதடு குவித்ததுபோல் அழகாக மூடியிருந்தது.

ஏறத் தெரிந்தவரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தாடிக்காரர் கயிறு பிடிப்பதில் கெட்டிக்காரர், ஆனால் அவர் ஏறுவதில்லை. இவர் வேறு. என்னைவிட எடை குறைவு, வேலை சுத்தம், அவசரமே கிடையாது. நான் பார்க்காத பட்ட கிளையை இவர் கீழேயிருந்தே பார்த்துச் சொல்லிவிடுவார். ரத்தம் தேங்குவதைப் பற்றி நீங்கள் எழுதியதை அவரிடம் படித்துக் காட்டினேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

பணிவுடன்
மருமகன்


ஏப்ரல் 17

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நான் நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். மரம் புண்ணை மூடுகிற கதையைத் தையல் போடுகிற டாக்டருக்குச் சொன்னேன். அவர் அன்றிலிருந்து ஆஸ்பத்திரி வாசல் மரத்தை நின்று தடவிப் பார்க்கிறார். எல்லாரும் அவரை ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

இதோடு ஒரு சின்னப் பொட்டலம் வருகிறது. ரத்தக் கசிவை நிறுத்துகிற அழுத்தக் கட்டு இரண்டு. ஒன்று உங்களுக்கு, ஒன்று அந்த ஏறத் தெரிந்தவருக்கு. பையில் போட்டு லாரியில் வைத்தால் பிரயோஜனம் இல்லை, பெல்ட்டிலேயே கட்டிக்கொள்ள வேண்டும். ஒரே கையால் பிரிக்கிற மாதிரி மடித்திருக்கிறேன். காயத்தின் மேல் வைத்து, எலும்பு தெரிகிற மாதிரி இருந்தாலும் பயப்படாமல் அழுத்தி, இறுக்கிச் சுற்ற வேண்டும். எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது.

உங்களைப் பற்றி முன்பு நினைத்ததை நான் இப்போது நினைப்பதில்லை. இதற்குமேல் எனக்கு எழுத வராது.

அத்தை


மே 25

மதிப்புக்குரிய அத்தைக்கு,

வணக்கம். பொட்டலம் பத்திரமாக வந்தது. இருவரும் பெல்ட்டில் கட்டிக்கொண்டோம். நேற்று வேலை இல்லாததால் மீட்புப் பயிற்சி செய்தோம். நான் உச்சியில் மயங்கியவனாக நடித்தேன். அவர் ஏறி வந்து என்னைத் தன்னோடு கோத்துக்கொண்டு இறக்கினார். பாதி வழியில் எனக்கு மூக்கு அரித்தது, சொறியப் போனேன். "மயங்கினவருக்கு மூக்கு அரிக்காது" என்று அதட்டினார். உங்கள் நினைவு வந்தது.

உங்கள் கடைசி வரியை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். காற்றுக் காலம் தொடங்கப் போகிறது, எழுதத் தாமதமானால் கவலைப்பட வேண்டாம்.

மருமகன்


ஜூலை 19

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்களுக்கு உடம்பு எப்படி இருக்கிறது? இந்தத் தடவை இதை நான் சம்பிரதாயத்துக்குக் கேட்கவில்லை.

இரண்டு மாதமாக ஒரு வரி இல்லை. போன் செய்தால் வாலு எடுத்து, "சின்ன அடிம்மா, ரெஸ்ட்ல இருக்கார், தூங்குறார்" என்கிறாள். எப்போது கூப்பிட்டாலும் ஒரு மனுஷன் தூங்குவானா? அவள் குரலும் சரியில்லை. உண்மையைச் சொல்லாத ஆட்களிடமிருந்து உண்மையை வாங்குவதுதான் என் வேலை. நீங்களே எழுதுங்கள்.

அத்தை


ஆகஸ்ட் 4

மதிப்புக்குரிய அத்தைக்கு,

வணக்கம். இடது கையால் எழுதுகிறேன். கோழி கிளறியதுபோல் இருந்தால் மன்னிக்கவும்.

ஜூன் கடைசியில் சூறைக்காற்றில் பிளந்த ஒரு மரத்தில் அடிபட்டது. வலது தோள்பட்டை எலும்பு முறிவு, முன்கையில் ஆழமான வெட்டு. தையல் பிரித்தாகிவிட்டது. விரல் எல்லாம் அசைகிறது. தலைக்கு ஒன்றுமில்லை, ஹெல்மெட் காப்பாற்றியது. மேலேயே கொஞ்ச நேரம் நினைவில்லாமல் தொங்கியிருக்கிறேன். ஏறத் தெரிந்தவர் ஏறி வந்து, நீங்கள் அனுப்பிய கட்டுத்துணியைச் சுற்றி, என்னை இறக்கினார். இன்னும் கொஞ்சம் ரத்தம் போயிருந்தால் கஷ்டம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம்.

அவளைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களிடம் சொல்ல வேண்டாம் என்றது நான்தான்.

மருமகன்


ஆகஸ்ட் 13

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் கோழிக் கிளறலை எழுத்து எழுத்தாகப் படித்தேன். தோளை அசைக்கச் சொன்ன பயிற்சியை வலித்தாலும் விடாதீர்கள். பருப்பு, முட்டை நிறைய சாப்பிடுங்கள்.

திட்டுவது பிறகு. முதலில் ஒன்று. உங்களை இறக்கிய அந்த மனுஷருக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். ஆம்புலன்ஸில் வருகிறவர்களை உயிரோடு வைத்திருப்பது என் வேலை. ஆம்புலன்ஸ் வரும்வரை உயிரோடு வைத்திருக்கிறவர்களை நான் பார்த்ததே இல்லை. நினைவில்லாத ஆளை, ரத்தம் கொட்டுகிற ஆளை, அந்த உயரத்தில் கட்டுப் போட்டு இறக்குவது என்றால் அந்தக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். ஒரு நல்ல சட்டைத் துணி எடுத்துத் தைத்து அனுப்பப் போகிறேன். பெயர், விலாசம், சட்டை அளவு மூன்றையும் உடனே எழுதுங்கள். இந்த முறை மழுப்பக் கூடாது.

அத்தை


செப்டம்பர் 1

அம்மா,

நல்லா இருக்கியா? அவருக்குத் தோள் தேறிட்டு வருது. உன் கடிதத்தை வெச்சுக்கிட்டு ரெண்டு வாரமா பேனாவை உருட்டிட்டு இருந்தார். நானே எழுதுறேன்னு வாங்கிக்கிட்டேன்.

சட்டை அளவு கேட்டிருந்தே. என் அளவு உனக்குத் தெரியும்.

ஆபீஸ்ல உட்கார்ந்து போன் எடுக்கிறேன்னு சொன்னது முதல் ஆறு மாசம் நிஜம். அப்புறம் கீழே கயிறு பிடிச்சேன். அப்புறம் ஏறினேன். முறையா பயிற்சி எடுத்து, பரீட்சை எழுதி, சான்றிதழ் வாங்கினேன். உன்கிட்ட சொல்லல. நீ பயந்துடுவேன்னு சொல்லலைன்னு வெச்சுக்கலாம், ஆனா அது பொய். நீ வேண்டாம்னு சொன்னா நான் கேட்டுடுவேனோன்னுதான் பயம்.

அன்னைக்கு நடந்ததை உனக்கு முழுசா சொல்லணும். பள்ளிக்கூட மைதானத்துல ஒரு தைல மரம். பெரிய கிளை பாதி பிளந்து தொங்கிட்டு இருந்தது. அவர் எல்லாத்தையும் சரியாத்தான் செஞ்சார். நல்ல தண்டுல கட்டிக்கிட்டு, கிளைக்குத் தனியா கயிறு போட்டு, இறுக்கம் குறையட்டும்னு சின்னதா ஒரு வெட்டு வெச்சார். பிளவு உள்ளுக்குள்ள எவ்வளவு தூரம் ஓடியிருந்ததுன்னு வெளியே தெரியல. கிளை திரும்பி வந்து அவரை அடிச்சது, பிளந்த முனை கையைக் கிழிச்சது.

நான் கூப்பிட்டேன். அவர் திருப்பிச் சொல்லல.

தாடிக்காரர் பக்கம் திரும்பினேன். "ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணுங்க, பின்பக்க கேட்டுன்னு சொல்லுங்க"ன்னேன். "ஆம்புலன்ஸ், பின்பக்க கேட்"னு திருப்பிச் சொன்னார். அதைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் தெளிவு வந்தது. ஓடிப்போய் ஏறணும்னுதான் காலு துடிச்சது. ஆனா நின்னு மேலே பார்த்தேன். அந்தக் கிளை இன்னும் ஆடுதா, நான் போனா என் மேல வருமான்னு பார்த்தேன். அந்தப் பார்வைதான் அன்னைக்கு நான் செஞ்சதிலேயே கஷ்டமானது. கிளையைக் கயிறு தாங்கிட்டு இருந்தது. மறுபக்கமா ஏறினேன்.

கையிலேர்ந்து சொட்டிட்டே இருந்தது. நீ அனுப்பின கட்டுத்துணியைப் பிரிச்சேன், நீ சொன்ன மாதிரி அழுத்தினேன், எடுத்துப் பார்க்கல. வலியில அவருக்கு நினைவு வந்து, "நீ எதுக்கு வந்தே"ன்னார். "பாத்திரம் தேய்க்க"ன்னேன். என் பெல்ட்டோட கோத்து, அவரோட கயித்தை விடுவிச்சு, மெதுவா இறக்கினேன். ஆம்புலன்ஸ் வர்றப்போ அவர் தரையில படுத்திருந்தார், தாடிக்காரர் அவர் தலையை அசையாம பிடிச்சிட்டிருந்தார்.

அதுக்கப்புறம் பல நாள் ராத்திரி எழுந்து எழுந்து அவர் மூச்சு விடுறாரான்னு பார்த்துட்டு இருந்தேன். போன்ல என் குரல் சரியில்லைன்னு சொன்னியே, அதுதான்.

இப்போ மேலே நான் ஏறுறேன். கீழே நிக்கிறதுக்கு, என்கூடப் பயிற்சி எடுத்த ஒருத்தி வந்திருக்கா. அவருக்குத் தோள் சரியாகுற வரைக்கும் இப்படித்தான். நீ திட்டுறதை எழுது.

உன் வாலு


செப்டம்பர் 10

வாலுவுக்கு,

உன் கடிதத்தை வார்டில் பிரித்தேன். படித்துவிட்டு மருந்து அலமாரிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

கோபம் இருக்கிறது. அது கடிதத்தில் அடங்காது, நேரில்தான் திட்ட வேண்டும். நீ முதலிலேயே சொல்லியிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். அதுவும் நிஜம். அப்படிச் சொல்லி, நீயும் கேட்டிருந்தால், ஜூன் மாதம் அந்த மரத்தடியில் யார் இருந்திருப்பார்கள் என்று யோசிக்கிறேன். யோசித்து முடிக்க முடியவில்லை.

ஹெட் நர்ஸாக ஒன்று சொல்கிறேன், இதை அம்மா சொன்னதாக எடுத்துக்கொள்ளாதே. ஓடாமல் நின்று பார்த்தாய் அல்லவா, அதைப் புதிதாக வருகிற நர்ஸ்களுக்குச் சொல்லிக்கொடுக்க நான் படாத பாடு படுகிறேன். காயத்துக் கட்டும் சரியாகப் போட்டிருக்கிறாய். அவரைச் சேர்த்த ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, தையல் போட்டவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

அடுத்த மாதம் லீவு எடுத்துக்கொண்டு வருகிறேன். எனக்காக வேலையை நிறுத்தி வைக்க வேண்டாம். பார்க்கத்தான் வருகிறேன்.

அம்மா


நவம்பர் 2

வாலுவுக்கும் மாப்பிள்ளைக்கும்,

சுகமாக வந்து சேர்ந்தேன். அங்கே இருந்த நான்கு நாளும் ராஜோபசாரம். மாப்பிள்ளை, உங்கள் தோள் நன்றாகக் கூடியிருக்கிறது. இன்னும் உயரமாகத் தூக்கப் பழகுங்கள்.

நேரில் சொல்ல வாய் வராததை எழுதுகிறேன் வாலு. அந்தப் பல் டாக்டர் வீட்டு மரத்தில் நீ ஏறியபோது எனக்குப் பயமாகத்தான் இருந்தது. இனிமேலும் இருக்கும், அதற்கு நீ ஒன்றும் செய்ய முடியாது. நீ அவ்வளவு உயரத்தில் ஒரு காலைக் கிளையில் ஊன்றிக்கொண்டு, வீட்டில் துணி மடிக்கிறவள் மாதிரி நிதானமாக வேலை செய்தாய். கிளைகள் ஒவ்வொன்றும் கயிற்றில் தொங்கி, சொன்ன இடத்தில் வந்து உட்கார்ந்தன. என் பக்கத்தில் நின்றவரிடம், "என் பொண்ணு" என்று சொன்னேன். யார் என்று அவர் கேட்கவே இல்லை, நானாகத்தான் சொன்னேன்.

அப்புறம் காற்று மாறியது. எனக்குத் தெரியவில்லை, உனக்குத் தெரிந்தது. மெஷினை அணைத்தாய், இறங்கி வந்தாய். டாக்டருக்குக் கோபம். உங்களுக்காகக் கிளினிக்கையே மூடி வைத்திருக்கிறேன் என்றார்.

"இன்னும் கொஞ்சம்தானேம்மா பாக்கி?" என்றார்.

"கொஞ்சம்தான் டாக்டர். காத்து நின்னதும் வெட்டலாம்" என்றாய் நீ. குரல் உயரவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. மேலே போனவள் சொல்வதுதான் முடிவு என்று மாப்பிள்ளை கயிற்றைச் சுருட்டத் தொடங்கிவிட்டார். அவர் அப்படிச் சுருட்டியதையும் நான் பார்த்தேன், எனக்குப் பிடித்திருந்தது.

நீ மேலே ஏறியதைப் பார்த்து எனக்குப் பெருமைதான். ஆனால் நான் மூச்சு விட்டது, அத்தனை பேர் முன்னால் வேலையைப் பாதியில் வைத்துவிட்டு நீ இறங்கி வந்தபோது. இவளை யாரும் வற்புறுத்தி மேலே ஏற்றிவிட முடியாது என்று அப்போது புரிந்தது. அந்த மிச்சக் கிளையை வெட்டியாயிற்றா, எழுது.

பஸ்ஸில் எனக்குத் தூக்கம் வராது என்று உனக்குத் தெரியும். வரும்போது தூங்கிவிட்டேன். என் நிறுத்தம் போனது தெரியவில்லை. கண்டக்டர் தட்டி எழுப்பி, "எங்கேம்மா இறங்கணும்?" என்றார். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மெதுவாக நடந்தே வீடு வந்து சேர்ந்தேன்.

உங்கள் இருவர் நலத்தையும் கேட்கும்
அம்மா